பொறி தப்பும் இடம்

பழைய கார்களை வைத்து டிராக் பந்தயம் ஓடுபவர்களிடம் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்கத் தொடங்கியதும் அவர்கள் யோசிப்பதற்கு முன் பாகங்களை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பிளக்குகள், அடுத்து வயர்கள், பிறகு காயில். அப்படியும் தீரவில்லையென்றால் டிஸ்டிரிபியூட்டரையே கழற்றிப் போட்டுவிட்டு ஒரு மின்னணுப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். இவற்றில் ஏதோ ஒரு கட்டத்தில் கோளாறு மறைந்துவிடுகிறது. எதனால் மறைந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. பதில் இல்லாததால் அடுத்த பருவத்தில் அதே கோளாறு வேறொரு முகத்துடன் திரும்பி வரும்போது மறுபடியும் முதல் பிளக்கிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

என் தரப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாகத்தை மாற்றுவது வேறு, பழுது பார்ப்பது வேறு. கோளாறு எங்கே இருக்கிறது என்று அறியாமல் செய்யப்படும் மாற்றம், சரியான பலனைத் தந்தாலும்கூட, அறிவு என்ற கணக்கில் நஷ்டமே. இலக்கியம் பேசும் இடத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பிரதியை நிதானமாக வாசிக்காமல் அதன்மேல் அபிப்பிராயத்தை ஏற்றுகிறவர்களை நாம் எந்தக் காரணத்துக்காகக் கண்டிக்கிறோமோ, அதே காரணம்தான் இங்கும் இருக்கிறது. அதற்குமேல் இந்த ஒப்புமையை இழுக்கப் போவதில்லை. எஞ்சினை எஞ்சினாகவே பார்ப்போம்.

*

டிராக் பந்தயம் தோற்றத்தில் மிக எளிமையானது. நேரான பாதை, நீளம் கால் மைல், அதாவது 1320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும், விளக்கு மாறியதும் புறப்படும், முதலில் கடப்பது வெல்லும். தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இளைஞர்கள் தங்கள் கார்களின் வேகத்தைச் சோதித்துவந்தார்கள். போருக்குப் பிறகு அவர்கள் கண்ணில் விமான ஓடுபாதைகள் பட்டன. 1950-இல் சாண்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்றில் சி.ஜே. ஹார்ட்டும் கூட்டாளிகளும் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். தெருவில் உயிரைப் பணயம் வைத்து நடந்துகொண்டிருந்த ஒன்றை விதிகளுக்குள் கொண்டுவருவது அச்சங்கத்தின் நோக்கமாக இருந்தது.

இந்த உலகத்துக்கு 1955-இல் ஷெவ்ரோலே நிறுவனம் ஒரு பரிசளித்தது. 265 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட, எடை குறைந்த எட்டு சிலிண்டர் எஞ்சின். அதே ஆண்டில்தான் அந்தக் கார்களின் மின்சாரமும் ஆறு வோல்ட்டிலிருந்து பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாறியது. அந்த எஞ்சினும் அதன் வழித்தோன்றல்களும் எழுபது ஆண்டுகள் கடந்தும் டிராக் தடங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே இக்கட்டுரையில் பழைய கார் என்று சொல்லும்போது ஒரு ஐம்பத்தைந்தாம் வருட ஷெவ்ரோலேவை மனதில் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் இத்தகைய கார் நவீன வண்டிகளோடு எப்படிப் போட்டியிட முடியும்? அதற்கு ஒரு நியாயமான ஏற்பாடு உண்டு. பிராக்கெட் பந்தயம் என்று பெயர். தன் வண்டி இத்தனை நொடியில் கால் மைலைக் கடக்கும் என்று ஓட்டுநர் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும். 13.20 நொடி என்று அறிவித்தவர், 11.00 நொடி என்று அறிவித்தவரைவிட 2.20 நொடி முன்னதாகப் புறப்படுவார். அறிவித்ததைவிட வேகமாக ஓடினால் பெரும்பாலும் தோல்விதான். ஆகவே இங்கே வெல்வது வேகமான கார் அல்ல, சொன்ன சொல் தவறாத கார். மெதுவாக ஓடும் கார் வெல்லலாம். நிச்சயமில்லாத கார் வெல்ல முடியாது.

மிஸ்ஸிங் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாகிறது என்பது இப்போது விளங்கும். எப்போதும் இருக்கும் மிஸ்ஸிங்கைக்கூடக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிடலாம். வந்து வந்து போகும் மிஸ்ஸிங் நொடியில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு, அடுத்த ஓட்டத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிடும். அந்தப் பத்தில் ஒரு பங்கே பந்தயம்.

*

அக்காலக் கார்களின் பற்றவைப்பு முறையை வடிவமைத்தவர் சார்லஸ் கெட்டரிங். ஓஹியோ மாநிலத்துக்காரர். பணப்பெட்டி இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு, 1909-இல் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர். 1910-ஆம் ஆண்டு கெடிலாக் கார்களில் இவருடைய பற்றவைப்பு முறை வந்தது. 1912-இல் கைப்பிடியைச் சுற்றத் தேவையில்லாத மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பற்றவைப்பில் அவர் வகுத்த ஏற்பாடு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு உலகத்தின் பெரும்பாலான கார்களில் இருந்தது. நம் ஊர் அம்பாசடரிலும் பத்மினியிலும் இருந்தது அதுவேதான்.

ஏற்பாடு இதுதான். காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் பேட்டரியின் மின்சாரம் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு கதவுதான் சிபி பாயிண்ட். நம் மெக்கானிக்குகள் பிளாட்டினம் என்று அழைப்பது. கதவு திறக்கும் கணத்தில் காந்தப்புலம் சரிகிறது. சரியும் வேகத்தில் இரண்டாவது சுருளில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் எழுகிறது. திறக்கும்போது பாயிண்ட்டின் முனைகளிலேயே பொறி பறந்து சக்தி வீணாகாமல் இருக்க ஒரு கண்டென்சர் துணை நிற்கிறது. எழுந்த மின்னழுத்தத்தைச் சுழலும் ரோட்டார் வாங்கி, மூடியில் வட்டமாக அமைந்த எட்டு முனைகளுக்கும் முறைவைத்துப் பங்கிடுகிறது. அங்கிருந்து தடித்த வயர் வழியாக பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது 24,000 பொறிகள் வேண்டும். நொடிக்கு 400. ஒரு பொறிக்கும் மறு பொறிக்கும் இடையே கிடைப்பது இரண்டரை மில்லிநொடி. அதிலும் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் மூன்றில் இரண்டு பங்குதான். அதாவது காயில் நிரம்புவதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.7 மில்லிநொடி. வண்டி நின்ற இடத்தில் 700 சுற்றில் முனகிக்கொண்டிருக்கும்போதோ அதே காயிலுக்கு 14 மில்லிநொடி கிடைக்கிறது. நிதானத்தில் நிரம்பி வழியும் குடம், அவசரத்தில் பாதிகூட நிறைவதில்லை. பாயிண்ட்டை மூடும் வில் சற்றுத் தளர்ந்திருந்தால் அது மூடிய வேகத்தில் துள்ளவும் செய்யும். கிடைத்த நேரத்திலும் ஒரு பகுதி அதில் போய்விடும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காற்றின் அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக மின்னழுத்தம் தேவை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் சாய்த்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றிப் பார்க்கிறோமே, அப்போது தெரியும் பொறி திறந்த வெளியில் குதிக்கும் பொறி. சிலிண்டருக்குள் கலவை நெருக்கப்பட்டிருக்கும்போது அதே பொறி குதிக்கும் என்பதற்கு அது சாட்சியமாகாது. பொறி வருகிறது, ஆகவே பற்றவைப்பில் கோளாறில்லை என்று முடிவுகட்டிவிட்டு கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலான கார்புரேட்டர் கோளாறுகள் மின்சாரக் கோளாறுகளே என்று பழைய மெக்கானிக்குகள் கேலியாகச் சொல்வது சும்மா இல்லை.

*

டிராக் பந்தயக் காரின் பற்றவைப்புக் கோளாறு ஷெட்டில் இருப்பதில்லை என்பதே இங்கு அடிப்படையான சிக்கல். அது தடத்தில், சுமையில், சூட்டில், அதிர்ச்சியில் மட்டுமே இருக்கிறது.

வண்டி புறப்படும் கணத்தை எண்ணிப் பாருங்கள். முறுக்கு விசையில் எஞ்சினே தன் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அது சாயும்போது இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்ட ஒரு வயர் நீள்கிறது. உறைக்குள் அறுந்து, உறையின் பிடிப்பால் மட்டும் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பி அந்த ஒரு நொடி பிரிந்து மறுபடியும் சேர்கிறது. டிஸ்டிரிபியூட்டருக்குள் பாயிண்ட்டுக்குப் போகும் மெல்லிய வயருக்கு இது அடிக்கடி நேரும். அது பொருந்தியிருக்கும் தட்டு வெற்றிட அமைப்பால் முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருப்பதால் கம்பி களைத்துப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் முழுசாக இருக்கும்.

சூடு ஏறியபின் மட்டும் செத்துப்போகும் காயில் இன்னொரு வகை. கால் மைல் முடிந்து, திரும்பும் பாதையில் மெல்ல உருண்டு, தன் இடத்துக்கு வந்து பானெட்டைத் திறப்பதற்குள் அது ஆறி உயிர்பெற்றிருக்கும். சோதித்தால் அப்பழுக்கற்றது.

எடையைப் பின் சக்கரங்களின்மேல் ஏற்றுவதற்காக பேட்டரியை டிக்கிக்கு மாற்றுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எர்த் இணைப்பை அங்கேயே தகட்டில் ஒரு போல்ட்டால் முடித்துவிட்டு, எழுபது வருடத் துருவும் வர்ணமும் ஏறிய உடம்பு வழியாக மின்சாரம் எஞ்சினுக்குத் திரும்பிவரும் என்று நம்புகிறார்கள். நின்ற இடத்தில் அது வருகிறது. தேவை கூடும்போது வருவதில்லை. சிலர் சக்தி மிச்சமாகட்டும் என்று ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிடுவதுண்டு. அப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலையில் மிஸ்ஸிங் அடிப்பதற்கு வேறு மர்மம் வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தமான கோளாறு ஒன்று உண்டு. ஷெவ்ரோலே எட்டு சிலிண்டர் எஞ்சினின் வெடிப்பு வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து வெடிப்பவை. அவை ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களும்கூட. அவற்றின் வயர்களை அழகாக இருக்கட்டும் என்று நெடுக ஒட்டிக் கட்டிவைத்தால், ஐந்தாவது வயரில் ஓடும் மின்சாரம் ஏழாவதில் தூண்டலால் ஒரு பொறியை எழுப்பிவிடக்கூடும். ஏழாவது சிலிண்டர் அப்போதுதான் கலவையை நெருக்கத் தொடங்கியிருக்கும். அழுத்தம் குறைவாக இருப்பதால் பலவீனமான பொறியே போதும். நேரத்துக்கு முன் வெடிக்கிறது. பிஸ்டன் உடையக்கூட இது காரணமாகலாம். இதற்கு எந்தப் பாகத்தை மாற்றினாலும் தீராது. இரண்டு வயர்களையும் விலக்கிவைக்க வேண்டும், அவ்வளவே. கோளாறு எந்தப் பொருளிலும் இல்லை. இரண்டு பொருள்களின் நெருக்கத்தில் இருக்கிறது. பாகங்களை மட்டுமே பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது ஒருபோதும் தென்படாது.

*

மின்னணுப் பெட்டியை நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே சொன்ன கணக்கே பெட்டிக்கு ஆதரவானது. கண்டென்சரைப் பல நூறு வோல்ட்டுக்கு ஏற்றி, அதை ஒரே வீச்சில் காயிலுக்குள் கொட்டும் முறைக்கு, காயில் மெல்ல நிரம்பும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1970-களில் டெக்சாஸின் எல் பாசோ நகரிலிருந்து வந்த எம்.எஸ்.டி. பெட்டிகள் குறைந்த சுழற்சியில் ஒரு முறைக்குப் பல பொறிகளைத் தந்தன. அமெரிக்கப் புதுக் கார்களில் 1970-களின் நடுப்பகுதியோடு பாயிண்ட்டுகள் ஏறக்குறைய மறைந்தேபோயின. பாயிண்ட்டுகளின் எல்லை பந்தயக்காரர்களுக்கு அதற்கும் வெகு முன்பே தெரிந்திருந்தது. ஐம்பதுகளிலேயே அவர்களில் பலர் மாக்னெட்டோவுக்குப் போய்விட்டார்கள். நைட்ரோமீத்தேன் எரித்து ஓடும் டாப் ஃப்யூயல் வண்டிகளில் இன்றும் சிலிண்டருக்கு இரண்டு பிளக், வண்டிக்கு இரண்டு மாக்னெட்டோ. ஆகவே பாயிண்ட்டுகளைப் புனிதப்படுத்தும் ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. கெட்டரிங்கே தமக்கு முந்தையதை மாற்றியவர்தானே.

என் எதிர்ப்பெல்லாம் பெட்டியைப் பதிலாக வைப்பதற்கு. அது பதிலல்ல. முதலாவதாக, வலுவான பொறி கோளாறை மறைக்கிறது. தேய்ந்த பிளக்கின் அகன்ற இடைவெளியையும், வெடிப்பு விட்ட மூடியின் பலவீனத்தையும் அது சில மாதம் தாண்டிக் குதிக்கும். கோளாறு அதுவரை வளர்ந்துகொண்டிருக்கும். இரண்டாவதாக, பெட்டிக்கென்று சில கறாரான நிபந்தனைகள் உண்டு. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வேண்டும், சுத்தமான எர்த் வேண்டும். பாயிண்ட் காலத்தில் எரிந்துபோகாமல் காக்க வைத்திருந்த தடைக்கம்பி வழியாகவே மின்சாரத்தை எடுத்துவந்து, பெட்டியோடு வந்த புதுக் காயிலுக்குக் கொடுத்தால் வேகத்தில் மிஸ்ஸிங் தொடரும். பழைய செப்புக் கம்பி வயர்களை அப்படியே விட்டுவைத்தால் அவை எழுப்பும் ரேடியோ இரைச்சல் பெட்டியையே குழப்பும். காந்த உணரியின் இரண்டு வயர்களை இடம் மாற்றி இணைத்தால் டைமிங் பிசகும். ஆக, இணைப்புகளைச் சரிபார்க்கச் சோம்பல்பட்டுப் பெட்டிக்குப் போனவர் முன்னைவிட அதிகமான இணைப்புகளைச் சரிபார்க்க வேண்டியவராகிறார்.

மூன்றாவது காரணமே எனக்கு முக்கியமானது. பழைய முறையில் கோளாறு தடயம் விட்டுச் செல்கிறது. பாயிண்ட்டின் ஒரு முனையில் குழியும் மறு முனையில் மேடும் இருந்தால் கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்று ஊகிக்கலாம். மூடியின் உட்புறம் பென்சிலால் கீறியதுபோல் ஒரு கரிக்கோடு இருந்தால் பொறி எந்த வழியாகத் தப்பியது என்று தெரியும். இருட்டில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், உறை கெட்ட வயரிலிருந்து நீலமாக ஒழுகும் ஒளி கண்ணுக்கே தெரியும். 1957-இல் டெல்கோ வெளியிட்ட டிஸ்டிரிபியூட்டர் மூடியில் ஒரு சிறிய ஜன்னல் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் வழியாகச் சாவியை விட்டு பாயிண்ட்டைத் திருத்தலாம். பிசினால் அடைத்து மூடப்பட்ட பெட்டியில் ஜன்னல் கிடையாது. அது வேலை செய்யும், அல்லது செய்யாது. அதற்குச் சொல்வதற்கு எதுவுமில்லை.

*

அப்படியானால் எங்கே தொடங்குவது? என் பார்வையில், பாகங்களிலிருந்து அல்ல, கேள்விகளிலிருந்து.

முதல் கேள்வி, எப்போது? குளிரிலா சூட்டிலா, புறப்படும்போதா கியர் மாறும்போதா, 5000 சுற்றுக்கு மேலா கீழா. சாவியைத் திருப்பும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டு, சாவியை விட்டதும் அணைந்துபோகிறதா? இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதித் தீர்ப்பு இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது காயிலுக்கு மின்சாரம் நேர் வழியில் வருகிறது. சாவியை விட்டபின் தடைக்கம்பி வழியாக வருகிறது. ஆகவே பழுது பெரும்பாலும் அந்த இரண்டாவது வழியில்தான். ஒரு திருப்புளிகூட எடுக்காமல், சரியாகக் கேட்டதாலேயே இவ்வளவு தெரிந்துவிட்டது.

இரண்டாம் கேள்வி, எல்லாச் சிலிண்டர்களுமா, ஏதோ ஒன்றா? ரோட்டார்தான் இங்கே எல்லைக்கோடு. ரோட்டாருக்கு முன்னால் இருப்பவை எல்லோருக்கும் பொதுவானவை: பேட்டரி, காயில், பாயிண்ட், கண்டென்சர். பின்னால் இருப்பவை தனித்தனி: மூடியின் முனை, வயர், பிளக். எட்டும் சேர்ந்து தடுமாறினால் எட்டு பிளக்குகளையும் மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. ஒன்று மட்டும் தடுமாறினால் காயிலைக் குறை சொல்வதில் அநேகமாக அர்த்தமில்லை.

மூன்றாவது, அளவு. அதையும் வேலை நடக்கும்போது எடுக்க வேண்டும். அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் கேபிளை மீட்டரால் சோதித்தால் தடை ஏதுமில்லை என்றே காட்டும். மின்சாரம் ஓடும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்த்தால்தான் உண்மை வெளிவரும். ஓய்வில் இருப்பவனைக் கேட்டு உழைப்பின் வலியை அறிய முடியாது.

நான்காவது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம். ஓட்டத்தின் முடிவில் எஞ்சினை அங்கேயே அணைத்துவிட்டு, உருண்டு வந்து, பிளக்குகளைக் கழற்றி அவற்றின் வெண்பீங்கான் நிறத்தைப் படிக்கும் பழக்கம் பழைய பந்தயக்காரர்களிடம் உண்டு. எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே திரும்பியிருந்தால் அந்த நிறம் மெதுவான ஓட்டத்தின் நிறமாக மாறிப்போயிருக்கும். தடயம் அழியுமுன் படிக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இதன் அடிப்படை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கிடைப்பது கொஞ்ச நேரம். அதற்குள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடியுமா, இருப்பதையெல்லாம் மாற்றிவிட்டு ஓட வேண்டாமா என்பது அது. ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சுற்றை வெல்ல அதுவே வழி என்றால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் கழற்றிய பாகத்தைக் குப்பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்திக் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள். பந்தயத்துக்கு அவசரம் உண்டு, புரிந்துகொள்வதற்கு இல்லை.

இது வெறும் ஒழுங்குணர்ச்சி அல்ல. பற்றாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் போய்ச் சேர்ந்து அங்கே வெடிக்கலாம். தவறிய நேரத்தில் வந்த பொறி கார்புரேட்டர் வழியாக நெருப்பாகத் திரும்பலாம். உடைந்த எஞ்சினிலிருந்து கொட்டும் எண்ணெய் முதலில் நனைப்பது, மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கும் அந்தக் காரின் சொந்தப் பின்சக்கரங்களையே.

*

மாண்டி ஹெல்மன் 1971-இல் எடுத்த ‘டூ-லேன் பிளாக்டாப்’ படத்தை நம் நண்பர்களில் சிலர் பார்த்திருக்கலாம். ஒரு ஐம்பத்தைந்தாம் வருட ஷெவ்ரோலேவில் இரண்டு இளைஞர்கள் பந்தயம் ஓடிக்கொண்டே அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது; ஓட்டுநர், மெக்கானிக், அவ்வளவுதான். பேசிக்கொள்வது கொஞ்சம், அதிலும் பெரும்பகுதி காரைப் பற்றி. இதை அந்நியமாதலின் குறியீடாக வாசிப்பது விமர்சகர்களின் வழக்கம். அந்த வாசிப்பு தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு அந்தக் குறைந்த பேச்சு வேறொன்றாகவும் கேட்கிறது. எஞ்சினின் ஒலியில் நேர்ந்த ஒரு சிறு மாற்றத்தைச் சரியான சொல்லால் இன்னொருவனுக்குச் சொல்ல முடிவது எளிய காரியமல்ல. வண்டி சரியில்லை என்பது புலம்பல். மூன்றாவது கியரில், சூடேறியபின், ஒரே ஒரு சிலிண்டர் கூர்மையாக விட்டு விட்டு அடிக்கிறது என்பது அறிவு. பெட்ரோல் போதாதபோது எஞ்சின் மெல்லச் சோர்ந்து தலைகவிழ்கிறது. பொறி தப்பும்போது வெட்டினாற்போல் நிற்கிறது. சோர்வதற்கும் வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் காதால் கேட்டு வாயால் சொல்லத் தெரிந்தவன் பாதி மெக்கானிக்.

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளிவந்த தன் மோட்டார் சைக்கிள் நூலில், ஓடாத வண்டியின் முன் நிற்பவன் தன் ஊகங்களை எழுதிவைத்துச் சோதிப்பதைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். தொழில்நுட்பக் கையேடுகள் எழுதிப் பிழைத்தவர் அவர். அந்த நூலின் தத்துவத்தைப் பாராட்டும் நாம் அதன் பழுதுபார்ப்புப் பக்கங்களை உவமையாகவே கடந்துவிடுகிறோம். அவை உவமை மட்டும் அல்ல, வேலைக் குறிப்பும்கூட.

இனி வரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். டிராக் பந்தயத்தின் மூத்த பெருமகனான டான் கார்லிட்ஸ் 2014-இல், தம் 82-ஆம் வயதில், மின்சார வண்டி ஒன்றில் மணிக்கு 184 மைல் வேகத்தைத் தொட்டார். அதில் பிளக் இல்லை, காயில் இல்லை, பொறியே இல்லை. பற்றவைப்புக் கோளாறு என்ற சொல்லே ஒரு நாள் அகராதியில் மட்டும் இருக்கும். ஆனால் அந்த வண்டியிலும் கேபிள்கள் இருக்கின்றன, இணைப்புகள் இருக்கின்றன, சூடு இருக்கிறது, புறப்படும் அதிர்ச்சி இருக்கிறது. நின்ற இடத்தில் ஒழுங்காக இருந்து சுமையில் மட்டும் தவறும் ஏதோ ஒன்று அதிலும் இருக்கத்தான் செய்யும்.

பாயிண்ட்டுகள் போகட்டும், அவற்றுக்காக நான் அழப்போவதில்லை. ஆனால் எப்போது, எல்லாவற்றிலுமா ஒன்றிலா, எவ்வளவு என்ற மூன்று கேள்விகளை அவற்றோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பழைய ஷெவ்ரோலேவைத் தடத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் காப்பாற்றிவைத்திருப்பது ஒரு காரை மட்டுமல்ல. இப்படிக் கேட்கும் வழக்கத்தையும்தான். அடுத்த முறை மிஸ்ஸிங் அடிக்கும்போது, பிளக் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடுக்கட்டும்.